டி டிரைவில் இருந்தால் பத்திரம் என்று யார் சொன்னது?

"தம்பி, சி தானே போச்சு? டி-யில இருக்குறதை மட்டும் எடுத்துக் குடுத்திருங்க, போதும்."

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற மேசைக்கு இந்தப் பேச்சு ஓயாமல் வருகிறது. சிபியூவைத் தூக்கி வருகிறவர் முகத்தில் கவலையே இருக்காது. டி-யில் மகளின் கல்யாண ஆல்பம், அப்பச்சியின் அறுபதாம் சாந்தி வீடியோ, கல்யாணச் சீர்முறைகளைப் பட்டியலிட்ட முறைச்சிட்டை, பாகப்பிரிவினைப் பத்திரத்தின் ஸ்கேன். பிரித்து விற்றுவிட்ட பூர்வீக வீட்டின் படங்களும் அதில்தான். தூண் ஓரிடம், நிலைக்கதவு ஓரிடம் என்று வீடே போய்விட்டது. மிச்சம் அந்தப் படங்கள் மட்டும். ஹார்ட் டிஸ்க்கோ டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருக்கும். விண்டோஸுக்கு முன்னால் வரும் பயாஸ் திரையில் அதன் பெயர்கூட வராது.

திரும்பத் திரும்பச் சொல்லிச் சலித்துவிட்டது, இருந்தாலும் இன்னொரு முறை: சி-யும் டி-யும் பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டர்களில் இரண்டு டிஸ்க் அல்ல. ஒரே டிஸ்க்கில் போட்ட தடுப்பு. நம் வளவு வீட்டில் மூத்தவர் புள்ளிக்கு, அதாவது அவர் குடும்பத்துக்கு, ஓர் அறை, இளையவர் புள்ளிக்கு ஓர் அறை. பூட்டு வேறு, சாவி வேறு, கூரை ஒன்றுதான். உத்தரம் இறங்கினால் எந்தப் புள்ளியின் அறை என்று பார்த்து இறங்காது.

இந்த நம்பிக்கையை ஊட்டியது எங்கள் தொழில்காரர்களேதான். விண்டோஸ் கெட்டால் சி-யை மட்டும் ஃபார்மட் செய்து, அதாவது முழுக்க அழித்து, டி-யைத் தொடாமல் கொடுத்தோம். அது விண்டோஸ் கோளாறுக்கு மட்டும் ஆன காப்பு. டிஸ்க்கே செத்தால் சி, டி, ஈ எல்லாம் ஒன்றாகத்தான் போகும். விண்டோஸ் கோளாறிலும் முழுக் காப்பு இல்லை. டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ் மூன்றும் சாதாரணமாக சி-யில்தான் இருக்கின்றன. "கண்ணெதிரே டெஸ்க்டாப்லதானே வச்சிருந்தேன்" என்பவர்கள் ஃபார்மட்டுக்கு முன்பே அதைச் சொல்லுங்கள்.

சந்தேகம் இருந்தால் ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து பாருங்கள். கீழ்ப்பாதியில் 'டிஸ்க் 0' என்ற ஒரே வரிசையில் சி-யும் டி-யும் அடுத்தடுத்து இருந்தால் டிஸ்க் ஒன்றே. 'டிஸ்க் 1' என்று தனி வரிசையில் டி இருந்தால் அது வேறு டிஸ்க். அப்படியே இருந்தாலும் ஒரே பெட்டி, ஒரே பவர் சப்ளை; ஐப்பசி மின்னல் ஒன்று போதும், இரண்டையும் சேர்த்து முடித்துவிடும்.

அடுத்த ரகம், "எக்ஸ்டர்னல்ல பேக்கப் எடுத்தாச்சு" என்பவர்கள். கேட்டால் கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று கட் செய்து எக்ஸ்டர்னலில் பேஸ்ட் செய்திருப்பார்கள். அது பேக்கப் இல்லை, குடிபெயர்ப்பு. இருந்தது ஒரு பிரதி, இப்போதும் ஒரு பிரதிதான். அதுவும் மேசை விளிம்பிலிருந்து விழக்கூடிய பெட்டியில். சில போர்ட்டபிள் டிஸ்க்குகளில் யுஎஸ்பி முனை டிஸ்க்கின் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும். முனை ஆடிப்போனால் கழற்றி வேறு கேஸில் போட்டுப் படிக்க முடியாது.

செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றுமில்லை. அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோ பரப்பிய 3-2-1 கணக்கு: பிரதி மூன்று, வைக்கும் சாதனம் இரண்டு வகை, அவற்றில் ஒன்று வேறு இடத்தில். பர்மா, மலேயாவில் கடை வைத்திருந்த நம் செட்டிநாட்டுக்காரர்கள் கடைக் கணக்கை ஊருக்கும் வரவழைத்தார்கள். ரங்கூன் பேரேடு ஒன்றையே நம்பி யாரும் இங்கே உட்கார்ந்திருக்கவில்லை. அவர்கள் பேரன் பேத்திகளுக்கு இதை விளக்க வேண்டியிருக்கிறது.

முதலில் எல்லாப் படங்களையும் ஒரே ஃபோல்டருக்குள் கொண்டுவாருங்கள். உள்ளே '2024-06 கல்யாணம்' என்று ஆண்டு, மாதம் முன்னால் வரும்படி பெயர் வைத்தால் தானாக வரிசையில் நிற்கும். போனில் எடுத்த படம் ஒன்று 3 முதல் 5 எம்பி. 20,000 படங்களுக்கு 100 ஜிபி தாண்டாது. வீடியோதான் இடத்தைத் தின்னும். 1 டிபி எக்ஸ்டர்னல் இரண்டு வாங்குங்கள். விண்டோஸில் அது 931 ஜிபி என்றுதான் காட்டும், கடைக்காரர் ஏமாற்றவில்லை. 300 ரூபாய்க்கு 2 டிபி பென் டிரைவ் என்று விற்கிறார்களே, அதுதான் ஏமாற்று. உள்ளே இருப்பது சில ஜிபி. அது நிறைந்த பிறகு போடுவதெல்லாம் பெயரளவுக்குத் தெரியும், திறந்தால் வராது.

வாங்கிய புது டிஸ்க்கை மட்டும், படம் ஏற்றும் முன்பே, என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் என்ற வகையில் ஃபார்மட் செய்யுங்கள். ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கல்யாண வீடியோ ஏறாது. காப்பி கொடுங்கள், கட் வேண்டாம். முடிந்ததும் இரண்டு பக்க ஃபோல்டர்களிலும் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ். ஃபைல் எண்ணிக்கையும் 'சைஸ்' என்ற எண்ணும் ஒத்துப்போக வேண்டும். அதன் கீழே உள்ள 'சைஸ் ஆன் டிஸ்க்' வேறாகத்தான் இருக்கும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். பிறகு முதலில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று எனப் புதிய டிஸ்க்கிலிருந்தே படங்களைத் திறந்து பாருங்கள். இந்த ஐந்து நிமிடத்தை யாரும் செலவழிப்பதில்லை.

கையால் செய்யச் சோம்பலாக இருந்தால் கன்ட்ரோல் பேனலில் ஃபைல் ஹிஸ்டரி இருக்கிறது. ஆனால் டி-யில் உள்ள ஃபோல்டரை அது தானாக எடுக்காது. ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து 'இன்க்ளூட் இன் லைப்ரரி' கொடுத்துச் சேர்க்க வேண்டும்.

காப்பி முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். திருட்டு போட்டோஷாப், கிராக் செய்த அக்கவுன்ட் சாஃப்ட்வேர் இவற்றோடு, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் ஒட்டிக்கொண்டு வருகிறது. சொருகியே கிடக்கும் எக்ஸ்டர்னலும் அதன் கண்ணில் இன்னொரு டிரைவ்தான். அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். இரண்டாவது டிஸ்க் இந்த வீட்டிலேயே இருக்கக் கூடாது. முன்னோர் படைப்புக்கோ பொங்கலுக்கோ சென்னையிலிருந்து பிள்ளைகள் வருவார்கள் அல்லவா, அவர்கள் பையில் கொடுத்தனுப்புங்கள். அடுத்த முறை வரும்போது இங்குள்ளதோடு மாற்றிக்கொள்ளுங்கள். பேங்க் லாக்கரும் சரிதான், வருடம் இரண்டு முறை எடுத்து ஓட்டிப் பார்ப்பீர்கள் என்றால்.

"கூகுள் போட்டோஸ்ல இருக்கே" என்பவர்களுக்கு: நல்லது, இருக்கட்டும். ஆனால் அது கண்ணாடி மாதிரி. போனில் அந்த ஆப்பிலேயே ஒரு படத்தை அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத் தொட்டியில் 60 நாள் கிடக்கும், அப்புறம் கிடையாது. இலவச 15 ஜிபியை ஜிமெயிலும் பங்கு போட்டுக்கொள்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்ததை எல்லாம் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம், படம் சுருங்கிப்போய்தான் சேரும். டாக்குமென்டாக அனுப்பினால் மட்டும் அப்படியே போகும்.

புது லேப்டாப்காரர்கள் ஒன்று கவனியுங்கள். இப்போதைய விண்டோஸ் 11 பல லேப்டாப்களில் உங்களைக் கேட்காமலே டிஸ்க்குக்கு 'பிட்லாக்கர்' என்ற பூட்டைப் போட்டு வைக்கிறது. மதர்போர்டு போனால் டிஸ்க் நல்லபடியாக இருந்தும் 48 இலக்க பிட்லாக்கர் ரெக்கவரி கீ இல்லாமல் எவராலும் திறக்க முடியாது. அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கைத் தொடங்கியது விற்ற கடையின் பையன் என்றால், அவனைத் தேடுங்கள், இன்றைக்கே. எண்ணைத் தாளில் எழுதி நகைப் பெட்டியோடு வையுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒருநாள் டிஸ்க் டிக் டிக்கென்று சத்தம் போட்டால், தயவுசெய்து மறுபடி மறுபடி ஆன் செய்து பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும், உள்ளே படிக்கும் முனையான ஹெட் தகட்டைச் சுரண்டக்கூடும். ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், தட்டாதீர்கள், யூடியூப் பார்த்துத் திறக்காதீர்கள். ரெக்கவரி சாஃப்ட்வேரை அதே டிஸ்க்கில் இன்ஸ்டால் செய்யவே செய்யாதீர்கள். பவரை எடுத்துவிட்டு, அதன் சொந்தக் கேபிளோடு, துணியில் சுற்றிக் கொண்டுவாருங்கள்.