சிறுகோளும் கடல்கோளும்

உவரிக் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தபோது அக்கா மகன் கேட்டான்: "மாமா, இந்தக் கடல்ல அஸ்டிராய்டு விழுந்தா என்ன ஆகும்? அதுக்குத் தமிழ்ல என்ன பேரு?"

சிறுகோள் என்றேன்.

1801 ஜனவரி 1 அன்று பியாஸி என்ற இத்தாலிய வானியலாளர், சூரியனைச் சுற்றும் சீரிஸ் என்ற சிறிய வான்பொருளைக் கண்டார். மறு ஆண்டு வில்லியம் ஹெர்ஷல் இத்தகையவற்றுக்கு அஸ்டிராய்டு என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் 'விண்மீன் போன்றது' என்று பொருள். தொலைநோக்கியில் வெறும் புள்ளியாகத் தெரிந்ததால் வந்த பெயர். ஆனால் அது சூரியனைச் சுற்றும் பாறை. உண்மைக்குப் பக்கத்தில் நிற்பது நம் சொல்தான். பலர் எல்லாவற்றையும் விண்கல் என்று எழுதிவிடுகிறார்கள். தரைக்கு வந்து கிடப்பதே விண்கல். வானில் எரிந்து கோடு இழுப்பது எரிகல்.

இனி 'கோள்'. கெடு கேடு ஆவதுபோல, பெறு பேறு ஆவதுபோல, கொள் என்ற வினை நீண்டு கோள் ஆகிறது. கொள்வது, பற்றுவது. கிரகம் என்ற வடசொல்லுக்கும் பற்றுவது என்றே பொருள். சனி 'பிடிச்சிருக்கு' என்று ஊரில் சொல்வதும் அதே எண்ணம்தான்.

இதே கோள்தான் கடல்கோளிலும் இருக்கிறது. 'குமரிக் கோடும் கொடுங்கடல் கொள்ள' என்கிறது சிலப்பதிகாரம். கடல் நிலத்தைக் கொள்வது கடல்கோள். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நம் கரையில் சுனாமி என்ற சொல் தெரியாத வீடு இல்லை. ஜப்பானிய மொழியில் 'துறைமுக அலை' என்று பொருள். அந்த அலைக்கு ஆழிப்பேரலை பொருத்தமான சொல். கடல்கோளை, நிலம் கடலுக்குள் போய்விடுவதற்கே வைத்துக்கொள்ளலாம்.

சரி, அவன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன், சுமார் 10 கிலோமீட்டர் அகலச் சிறுகோள் ஒன்று இன்றைய மெக்சிகோவின் யுகட்டான் பகுதியில், ஆழம் குறைந்த கடலில் மோதியது. ஏறத்தாழ 180 கிலோமீட்டர் அகலப் பள்ளம் விழுந்தது. ஆழிப்பேரலையும் எழுந்தது. ஆனால் கடலின் உயிரைக் கொண்டது அலை மட்டும் அல்ல. அங்கிருந்த ஜிப்சம் பாறை ஆவியானதால் கந்தகம் மேலே போனது. தூசியும் புகைக்கரியும் அதோடு சேர்ந்து வெயிலை மறைத்தன. வெயில் இல்லாமல் மிதவைத் தாவரங்கள் மடிந்தன. மேற்பரப்புக் கடல்நீரில் அமிலத்தன்மை கூடி, சுண்ணாம்பு ஓட்டுச் சிற்றுயிர்களை வாட்டியது. இவை போனால் மேலே உள்ளதெல்லாம் பட்டினி. நம் வலையில் விழும் சாளையும் இத்தகைய மிதவை உயிரிகளைத் தின்றுதானே வளர்கிறது!

பூமியின் உயிரினங்களில் முக்கால் பங்கு அப்போது அழிந்தது. கடலில் வாழ்ந்த மோசசார் என்னும் பெரிய ஊர்வன போயின. சுருள் ஓட்டு அம்மோனைட்டுகளும் போயின. அரியலூர்ப் பக்கம் மண்ணில் கிடைப்பவை அவற்றின் புதைபடிவங்களே. பூஜை அறையில் வைக்கும் சாளக்கிராமத்தில் தெரியும் சுருளும் அம்மோனைட்டின் ஓடுதான். இதைச் சொன்னபோது பையன் நம்பவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் ஆச்சியிடம் கேட்டு வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

அப்புறம் நோட்டில் 'சிறுகோள் தாக்கம்' என்று எழுதினான். அதை மட்டும் திருத்தினேன். பாறை வந்து இடிப்பது மோதல். அதற்குப் பின் கடலில் நடந்தது தாக்கம்.