நோயாளியோடு கூட இருப்பவர் கையில் என்ன இருக்க வேண்டும்?

தாலுகா அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஒரு நோயாளி வந்தால் கூடவே நாலைந்து பேர் வருவார்கள். "எப்போ இருந்து இப்படி இருக்கு?" என்று டியூட்டி டாக்டர் கேட்டால் ஆளுக்கொரு நேரம் சொல்வார்கள். "என்ன மாத்திரை சாப்பிடுறார்?" என்றால், "பிரஷருக்கு ஒரு வெள்ளை மாத்திரை, சுகருக்குச் சின்னதா ஒண்ணு" என்பார்கள். சிறிய ஊர் மருத்துவமனைகளில் ஆள் குறைவு, கருவி குறைவு என்பது உண்மைதான். அதே அளவுக்குச் சிகிச்சை தடுமாறும் இன்னோர் இடம், நோயாளி கைமாறும் நேரம். வீட்டிலிருந்து அவசரப் பிரிவுக்கு, பகல் ஷிஃப்டிலிருந்து இரவு ஷிஃப்டுக்கு, இங்கிருந்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு, கடைசியில் வார்டிலிருந்து மறுபடி வீட்டுக்கு. டாக்டர் மாறுவார், சிஸ்டர் மாறுவார், ஊரே மாறும். தொடக்கம் முதல் கடைசி வரை மாறாமல் இருக்கக்கூடியவர் உறவினர் ஒருவர்தான்.

அதனால் யார் கூட இருப்பது என்பதைக் குடும்பம் முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். வேளைக்கு ஒருவர் மாறுவதில் தப்பில்லை. மாறும்போது தகவலும் மாற வேண்டும். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். நேரம், கொடுத்த மருந்து, டாக்டர் சொன்னது என்று எழுதி வையுங்கள்.

நேரத்தைச் சரியாகச் சொல்லுங்கள்

வாய் கோணுகிறது, ஒரு பக்கக் கை தொங்குகிறது, பேச்சு குழறுகிறது என்றால் அது பக்கவாதமாக இருக்கலாம். மூளை ரத்தக்குழாயில் அடைத்திருக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்குமுன் சி.டி. ஸ்கேன் எடுத்து ரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும். கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது என்பதில்தான் குழப்பம். காலை ஆறு மணிக்கு எழுந்தபோது கை வரவில்லை என்றால் "ஆறு மணி" என்று சொல்லிவிடுகிறார்கள். டாக்டருக்கு வேண்டியது, கடைசியாக அவர் நன்றாக இருந்ததைப் பார்த்த நேரம். இரவு பத்து மணிக்குப் பேசிவிட்டுப் படுத்தார், நடுவில் எழவில்லை என்றால் அதை அப்படியே சொல்ல வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் பிரஷர் மாத்திரையோ ஆஸ்பிரினோ வாயில் போடக் கூடாது, தண்ணீர்கூட வேண்டாம். விழுங்கும் திறன் போயிருந்தால் அது நேராக நுரையீரலுக்குப் போகும்.

நெஞ்சுவலியில் நேரம் வீணாவது "வாயு" என்ற சந்தேகத்தால். சோடாவும் இஞ்சிச் சாறும் குடித்துவிட்டு விடியும்வரை காத்திருக்கிறார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் வயதானவர்களுக்கும் வலியே இல்லாமல் வியர்வை, மூச்சுத்திணறல், தாங்க முடியாத அசதி மட்டும் வரலாம். ஓர் ஈ.சி.ஜி. எடுக்கச் சில நிமிடங்கள் போதும். 2023 முதல் தமிழ்நாட்டில் இதயம் காப்போம் திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் தவணை மாத்திரைகளைக் கொடுத்துவிடுகிறார்கள்: ஆஸ்பிரின் 150 மி.கி. இரண்டு, குளோபிடோக்ரெல் 75 மி.கி. நான்கு, அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. எட்டு, மொத்தம் 14. இதைக் கொடுத்த நேரம் எழுதிய சீட்டு உங்கள் கையில் இல்லாவிட்டால், அடுத்த மருத்துவமனையில் மறுபடி கொடுப்பதா வேண்டாமா என்ற தயக்கம் வரும். அந்தத் தயக்கத்தில் போவதும் இதயத் தசைதான்.

பாம்புக்கடியில் அந்த இருபது நிமிடம்

அவசரப் பிரிவில் உறவினர்களின் கோபம் அதிகம் வெடிப்பது இங்கேதான். "வந்து அரை மணி நேரம் ஆச்சு, இன்னும் ஊசி போடல" என்பார்கள். அந்த நேரத்தில் நடப்பது இது: ரத்தக்குழாயிலிருந்து இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, யாரும் அசைக்காமல் இருபது நிமிடம் நிறுத்தி வைக்கிறார்கள். பிறகு குழாயை மெதுவாகச் சாய்த்துப் பார்ப்பார்கள். ரத்தம் கட்டியாக உறைந்திருந்தால் அந்த நேரத்துக்கு நல்லது. தண்ணீராக ஓடினால், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் போன்றவற்றின் விஷம் ரத்தம் உறையும் தன்மையைக் கெடுத்துவிட்டது என்று பொருள். குழாய் கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும். பிளாஸ்டிக்கிலோ சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயிலோ நல்ல ரத்தமும் சரியாக உறையாது, முடிவு தப்பாக வரும். முதல் முறை உறைந்தாலும் விட்டுவிடுவதில்லை, சில மணி நேரத்துக்குத் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். கண் இமை தொங்குவது, பேச்சு குழறுவது, மூச்சு திணறுவது போன்ற அறிகுறி கண்ணில் பட்டால் சோதனைக்காகக் காத்திருக்காமல் உடனே மருந்து ஏற்றுவார்கள்.

மருந்தை எல்லாருக்கும் போடாததற்குக் காரணம் உண்டு. விஷம் ஏறாத கடிகளும் நிறைய. விஷமுறிவு மருந்தே அரிப்பு, நடுக்கம், மூச்சிறைப்பு, ரத்த அழுத்தச் சரிவு எல்லாம் கொண்டுவரலாம். தேவைப்பட்டால் பொதுவாகப் பத்துக் குப்பியில் தொடங்குவார்கள். குழந்தைக்கும் பெரியவருக்கும் அளவு ஒன்றே, ஏனென்றால் பாம்பு செலுத்தும் விஷம் ஆளுக்குத் தகுந்தாற்போல் குறைவதில்லை. மருந்து ஏறும்போது நோயாளி "உடம்பெல்லாம் அரிக்குது, குளிருது" என்றால் முடியட்டும் என்று பொறுக்காமல் உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.

கடித்த கையிலோ காலிலோ உள்ள மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு, கயிறு எல்லாவற்றையும் வீக்கம் வருமுன் கழற்ற வேண்டும். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. பாம்பை அடித்து எடுத்துவர வேண்டிய அவசியமும் இல்லை. இங்கே கிடைக்கும் மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் பொதுவானது.

கட்டுவிரியனைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். இது இரவில், தரையில் படுத்துத் தூங்குபவரைக் கடிக்கும். வலி இருக்காது, பல் தடம்கூடத் தெரியாமல் போகும். விடியற்காலையில் வயிற்றுவலி, தொண்டை வலி, வாந்தி, பிறகு இமை தொங்கும். வயிற்றுவலி என்று சீட்டுப் போட்டு வெளிநோயாளிகள் வரிசையில் நிற்க வைத்துவிடாதீர்கள். "ராத்திரி தரையில படுத்திருந்தார், கண்ணைத் திறக்க முடியலங்கிறார்" என்ற ஒரு வரி டாக்டரின் யோசனையையே திருப்பிவிடும்.

மாத்திரைப் பை

வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து கொடுப்பது, தனியார் டாக்டர் எழுதியது, மெடிக்கலில் கேட்டு வாங்கியது, நாட்டு மருந்து எல்லாமே. யாரும் திட்டுவார்கள் என்று மறைக்க வேண்டாம். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இரண்டு இடத்திலிருந்து வந்து, இரண்டையும் விழுங்கிக்கொண்டிருப்பது இப்படித்தான் வெளியே தெரியவரும். அட்டையில் பெயர் அச்சான பக்கத்தைக் கடைசிவரை கிழிக்காமல், மறுமுனையிலிருந்து மாத்திரையை எடுக்கப் பழகுங்கள்.

அதிகம் கவனிக்க வேண்டியது சர்க்கரை மாத்திரை. வாந்தி, பேதி என்று இரண்டு நாளாகச் சாப்பிடாதவருக்கும் "சுகர் மாத்திரையை நிறுத்தக் கூடாதுன்னாங்க" என்று கொடுத்துவிடுகிறார்கள். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரைகளில் ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி ஆள் மயங்குவார். குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்து உட்கார்ந்து காபி கேட்பார். உடனே வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். வயதானவருக்கும் சிறுநீரகம் பழுதானவருக்கும் மாத்திரையின் வேகம் ஒரு நாளுக்கு மேலும் உடம்பில் நிற்கும். வீட்டுக்குப் போய் நள்ளிரவில் மறுபடி இறங்கும், அப்போது தூங்குகிறார் என்றே நினைப்பார்கள். டாக்டர் ஒரு நாள் இருக்கச் சொன்னால் இருங்கள். அட்மிட் ஆன பிறகு உங்கள் பையிலிருந்து சிஸ்டருக்குத் தெரியாமல் எதையும் கொடுக்கவும் வேண்டாம்.

வார்டில்

டிரிப்ஸ் மெதுவாக இறங்குகிறது என்று சக்கரத்தைத் திருகிவிடுவது வார்டில் அன்றாடம் நடப்பது. சாதாரண டிரிப் செட்டில் 20 சொட்டு ஒரு மில்லி. 500 மில்லி பாட்டிலை நாலு மணி நேரத்தில் ஏற்ற நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவருக்கு வேகமாக ஓடினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். பாட்டில்மேல் பேனாவால் மருந்துப் பெயர் எழுதியிருந்தால் இன்னும் ஆபத்து; உள்ளே பொட்டாசியம் கலந்திருந்தால் வேகம் கூடும்போது இதயத் துடிப்பே நின்றுபோகலாம். சக்கரத்தைத் தொடாதீர்கள். பாட்டில் தீரப்போகும்போதும், ஊசி குத்திய இடம் வீங்கினாலும் சொல்லுங்கள், அது போதும்.

சிறுநீர்ப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையிலும் படக் கூடாது. ஸ்ட்ரெச்சரில் மாற்றும்போது நோயாளியின் வயிற்றின்மேல் தூக்கி வைத்தால் பையில் உள்ளது திரும்ப உள்ளே போய்க் கிருமித்தொற்று வரும். அரை மயக்கத்தில் இருப்பவருக்குப் பாசத்தில் கஞ்சி ஊட்டாதீர்கள். படுத்த படுக்கையானவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள்.

இரவு ஒரு வார்டையே ஒரு சிஸ்டர் பார்க்கும் நிலை இருக்கலாம். அவரிடம் போய் "ரொம்ப முடியல, வந்து பாருங்க" என்பதைவிட, என்ன மாறியிருக்கிறது என்று சொல்வதுதான் வேகமாக வேலை செய்யும். "எட்டு மணிக்கு நல்லாப் பேசினார், இப்போ கூப்பிட்டா கண்ணை மட்டும் திறக்கிறார்." "சாயங்காலத்துல இருந்து ஒண்ணுக்குப் போகல." டெங்குவில் இது உயிர்க்காப்பு. காய்ச்சல் விட்டதும் நிம்மதியாகிவிடுகிறார்கள், ஆனால் விட்ட பிறகு வரும் ஒன்றிரண்டு நாள்தான் கண்டம். வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுவது, சிறுநீர் குறைவது, குழந்தை சுருண்டு படுப்பது இவற்றில் ஏதாவது தெரிந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

"பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க"

இதைக் கேட்டதும் குடும்பம் உடைந்துபோகிறது, அல்லது கை கழுவுகிறார்கள் என்று சண்டைக்கு நிற்கிறது. தலையில் அடிபட்டவருக்கு மூளை அறுவை மருத்துவர் வேண்டும், மூச்சு நின்றுபோகக்கூடியவருக்கு வென்டிலேட்டர் வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில் வைத்திருப்பதுதான் அநியாயம். ஆனால் அனுப்பும்முன் சில கேள்விகள் கேட்பது உங்கள் உரிமை. எந்த மருத்துவமனை, எந்தப் பிரிவு? அங்கே போனில் சொல்லியாகிவிட்டதா? கடைசியாக என்ன மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள்? வழியில் ஆக்சிஜன் வேண்டுமா? ஆக்சிஜன் வேண்டியவரைச் சொந்தக் காரில் ஏற்றாதீர்கள். 108 ஆம்புலன்ஸ் மருத்துவமனை விட்டு மருத்துவமனை மாற்றவும் இலவசமாக வரும்.

ரெஃபரல் சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவு, ஈ.சி.ஜி., ஸ்கேன் எல்லாம் ஒரே கவரில் உங்கள் மடியில் இருக்கட்டும். ஈ.சி.ஜி. தாள் வெப்பத்தில் அச்சாவது, வெயிலில் காரின் முன்பக்கம் போட்டால் மங்கிவிடும். கையில் வாங்கியதும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் தெரிந்தவர் சொன்னார் என்று இடையில் இன்னொரு மருத்துவமனையில் இறக்குவது, தப்பவிடக் கூடாத நேரத்தைத் தின்றுவிடும்.

சாலை விபத்து என்றால் விபத்துப் பதிவேட்டில் பதிவு செய்வார்கள், ஏ.ஆர். என்பது அதுதான். எங்கே, எப்போது, எப்படி அடிபட்டது என்று உண்மையைச் சொல்லுங்கள். வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை, ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை என்று பயந்து "கீழே விழுந்துட்டார்" என்று எழுத வைத்துவிட்டு, பிறகு இழப்பீட்டு வழக்கில் மாற்றிச் சொல்ல முடியாமல் தவிக்கிறார்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கும் யாருக்கும், எந்த மாநிலத்தவரானாலும், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. பட்டியலில் தனியார் மருத்துவமனைகளும் உண்டு.

வீட்டுக்குக் கிளம்பும் முன்

சொல்லாமல் கிளம்பிவிடுபவர்கள் பலர். சிலர் டிரிப்ஸ் ஏற்றக் கையில் குத்திய வென்ஃப்ளான் ஊசியோடேயே போய்விடுகிறார்கள். அது நேராக ரத்தத்துக்குள் திறந்திருக்கும் வழி. வீட்டில் சீழ் பிடித்தால் கிருமி உடம்பு முழுக்கப் பரவும். போயே ஆக வேண்டிய நிலைமை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டு ஊசியைக் கழற்றி மாத்திரை எழுதித்தான் அனுப்புவார்.

ஸ்ட்ரெச்சர் தள்ளவும், பிறந்த குழந்தையைக் காட்டவும் காசு கேட்பது சில இடங்களில் இன்னும் நடக்கிறது. அரசு மருத்துவமனையில் இதற்கெல்லாம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டியதில்லை. தேதி, நேரம், வார்டு குறித்துக்கொண்டு தலைமை மருத்துவரிடம் எழுதிக் கொடுங்கள். அங்கே தீராவிட்டால் மாவட்ட இணை இயக்குநர் அலுவலகம் இருக்கிறது, 104-க்கும் கூப்பிடலாம். நோயாளிக்கு ஏதாவது செய்துவிடுவார்களோ என்று பயந்து பணத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து திட்டுவதால் அடுத்த குடும்பத்துக்கும் அதே கதிதான்.

டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கியதும் அங்கேயே ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பழைய மாத்திரைகளில் எது நின்றது, எது தொடர்கிறது? புதியது எத்தனை நாளைக்கு? தையல் எந்தத் தேதியில் பிரிக்க வேண்டும்? என்ன நடந்தால் தேதிக்குக் காத்திருக்காமல் ஓடிவர வேண்டும்? நிறுத்தச் சொன்ன மாத்திரைகளை அன்றே பையிலிருந்து தனியாக எடுத்துவிடுங்கள். மறுபரிசோதனைக்கு வரும்போது சம்மரியையும், தீர்ந்துபோன அட்டைகளையும், மீதமுள்ள மாத்திரைகளையும் சேர்த்தே கொண்டுவாருங்கள். எத்தனை வேளை விட்டுப்போயிற்று என்பதை எண்ணிப் பார்த்துத்தான் அடுத்த அளவை எழுத முடியும்.