குவிட்கிளெய்ம் டீட்: தமிழில் எப்படிச் சொல்வது?

அமெரிக்காவில் வாடகைக்கு விட்ட வீட்டைத் தன் பெயரிலிருந்து தன் எல்.எல்.சி. (உரிமையாளரின் பொறுப்புக்கு வரம்புள்ள நிறுவனம்) பெயருக்கு மாற்றுகிறவர்கள் பலரும் எழுதும் பத்திரம் ‘குவிட்கிளெய்ம் டீட்’. காதில் விழுந்தபடி ‘குயிக் கிளெய்ம்’ என்று சொல்பவர்களும் உண்டு. வேகத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

வேர் பழைய பிரெஞ்சில் இருக்கிறது. ‘குவித்’ என்றால் விடுபட்டது, தொல்லை நீங்கியது. இலத்தீன் ‘குவியேட்டஸ்’ வழி வந்தது. இலத்தீனில் ‘கிளாமாரே’ என்றால் உரக்கச் சொல்லுதல். ஆகவே இங்கே ‘கிளெய்ம்’ உரிமை கோருவதல்ல, அறிவிப்பது. ‘இனி எனக்குப் பாத்தியமில்லை’ என்று ஊரறியச் சொல்வது. 1189-இல் இங்கிலாந்தின் முதலாம் ரிச்சர்ட் 10,000 மார்க் பணம் வாங்கிக்கொண்டு ஸ்காட்லாந்து மீதான மேலாதிக்கத்தை விட்டுக்கொடுத்தார். அந்த உடன்பாட்டின் பெயரே ‘கேன்டர்பரி குவிட்கிளெய்ம்’.

நம் கிரயப் பத்திரத்தில் ஒரு வாசகம் வரும்: சொத்தில் வில்லங்கம் ஏதுமில்லை, பின்னால் தெரியவந்தால் விற்பவரே சொந்தச் செலவில் தீர்த்துத் தருவார். குவிட்கிளெய்மில் அந்த உறுதிமொழி கிடையாது. ‘எனக்கு என்ன உரிமை இருக்கிறதோ அதை விடுகிறேன்’, அவ்வளவுதான். உரிமையே இல்லாதவர்கூட எழுதிக்கொடுக்கலாம். தன் வீட்டைத் தன் நிறுவனத்துக்கே மாற்றுவதற்கு இது போதும் என்று தோன்றும். ஆனால் உறுதிமொழி இல்லாததால் பழைய டைட்டில் இன்சூரன்ஸ் (சொத்துரிமையில் குறை தெரியவந்தால் இழப்பை ஈடுசெய்யும் காப்பீடு) பாலிசியின் பாதுகாப்பு அறுந்துபோகலாம். உரிமைக்கு உறுதிமொழி தரும் ‘வாரண்டி டீட்’ எழுதச் சொல்லும் வழக்கறிஞர்கள் அதனால்தான் சொல்கிறார்கள். வீட்டுக் கடன் இருந்தாலோ எந்தப் பத்திரமானாலும் கடன் கொடுத்தவரைக் கேட்காமல் எழுதக் கூடாது. பெயர் மாறினால் பாக்கி முழுவதையும் உடனே கேட்கும் உரிமை அவருக்குப் பெரும்பாலான கடன் ஒப்பந்தங்களில் உண்டு. அதற்கு 1982-ஆம் ஆண்டின் கார்ன்-செயின்ட் ஜெர்மைன் என்ற அமெரிக்கச் சட்டம் தரும் விலக்குகளில் எல்.எல்.சி.க்கு மாற்றுவது இல்லை.

தமிழில் ‘விடுதலைப் பத்திரம்’ என்று எழுதக் கை போகும். ஆனால் நம் சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தப் பெயருக்குத் தனிப் பொருள் இருக்கிறது. கூடப் பிறந்தவர்கள் போன்ற பாகஸ்தர்களில் ஒருவர் தன் பங்கை இன்னொரு பாகஸ்தருக்கு விட்டுத்தருவது அது. நேற்றுப் பதிவான எல்.எல்.சி.க்கு அந்த வீட்டில் ஏது பங்கு? அதனால் நான் ‘உரிமை விடுகைப் பத்திரம்’ என்றே எழுதுகிறேன். விடுவதை மட்டும் சொல்கிறது, பொறுப்பேற்பதாகச் சொல்லவில்லை. எல்.எல்.சி.க்கு ‘வரையறுத்த பொறுப்பு நிறுமம்’ பொருந்தும். ‘வாடகை வீட்டை உரிமை விடுகைப் பத்திரம் எழுதித் தன் நிறுமத்துக்கு மாற்றினார்’ என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு எங்கும் தடுக்காது.