பால் குடிக்காத குழந்தைக்கு உரம் எடுக்காதீங்க, முதல்ல நெஞ்சுத் துடிப்ப எண்ணுங்க

குழந்தைங்க ஐசியூல நர்ஸா இருக்கேன், இந்த வருஷம் இது மூணாவது கேஸ், அதான் எழுதுறேன். நாப்பது நாள் பாப்பா. ரெண்டு நாளா பால் சரியா குடிக்கல, நாலு வாய் உறிஞ்சுனதும் நெத்தியெல்லாம் வேர்த்து விட்டுருது. வீட்ல உரம் விழுந்துருச்சுன்னு (உடம்பு சுளுக்கிருச்சுன்னு சொல்றது) புடவைல போட்டு உருட்டியிருக்காங்க, அப்புறம் தொக்கம் (தொண்டைல ஏதோ சிக்கியிருக்குன்னு சொல்றது) எடுத்திருக்காங்க. எங்ககிட்ட வர்றப்ப கை கால் ஜில்லுன்னு, வெளுத்து, ஈரல் பெருத்து, மானிட்டர்ல நெஞ்சுத் துடிப்பு நிமிஷத்துக்கு 268. இதுக்குப் பேர் எஸ்விடி, இதயத்தோட மின்சார ஓட்டத்துல கோளாறாகி துடிப்பு ரொம்ப வேகமா ஓடுறது.

உரம்னு ஒண்ணு கிடையாதுங்க. பச்சக் குழந்தைய உருட்டுறது, உலுக்குறது, குப்புறப் போட்டுத் தட்டுறது எதுவும் பால் குடிக்க வைக்காது, உலுக்குறதுல மூளைக்குள்ள ரத்தக்கசிவு கூட வரலாம், அதோட முக்கியமான ரெண்டு நாளும் போயிடுது. அழுதாலோ காய்ச்சல் அடிச்சாலோ துடிப்பு ஏறும், 180, 200 கூட போகும், ஆனா அடங்குனா இறங்கும். எஸ்விடில தூங்குனாலும் 220க்கு மேலயே அசையாம நிக்கும். உங்களால எண்ணவே முடியாத வேகம்னா அதுவே பதில், கிளம்புங்க.

எங்க தங்கச்சி நர்ஸுங்களுக்கு ஒரு வார்த்தை: அடினோசின் (எஸ்விடிய நிறுத்தப் போடுற ஊசி மருந்து) ரத்தத்துல சில செகண்டுதான் நிக்கும், அதனால முழங்கை மடிப்பு லைன் பாருங்க, மருந்து போன உடனே அத உள்ள தள்ள சலைன் ஃப்ளஷ் போகணும், ஈசிஜி ஓடிட்டே இருக்கணும். ஈசிஜி கோடு ஒரு நொடி நேரா போகும்னு அம்மாகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, பாவம் அவங்க. துடிப்ப இறக்க முகத்துல ஐஸ் பை வச்சா மூக்கு வாய மூடாதீங்க. துடிப்ப இறக்குறேன்னு யாராவது கண்ண அமுக்குனா தடுங்க.

வீட்டுக்குப் போன பிறகுதான் நிறைய தப்பு நடக்குது. துடிப்பு திரும்ப ஏறாம இருக்கக் குடுக்குற ப்ரோப்ரனலால் சிரப்ப ஸ்பூன்ல ஊத்தாதீங்க, சிரிஞ்சுல எம்எல் பாத்துக் குடுங்க. பாலோடதான் குடுக்கணும், வெறும் வயித்துல சுகர் இறங்கிடும். பால் குடிக்கலையா, வாந்தியா, மருந்து குடுக்குறதுக்கு முன்னாடி டாக்டருக்கு போன் பண்ணுங்க. குடுத்த மருந்த கக்கிட்டா நீங்களா இன்னொரு தடவ ஊத்தாதீங்க. சளிக்குன்னு மெடிக்கல்ல கேட்டு சிரப் வாங்கவே வாங்காதீங்க, அதுல சிலது துடிப்ப ஏத்திவிடும். ஐஸ் வைக்கிறதும் டாக்டர் சொல்லித் தராம வீட்ல வேணாம்.

அந்த பாப்பாவுக்கு ரெண்டாவது டோஸ் அடினோசின்ல துடிப்பு 146க்கு இறங்குச்சு. நிறைய குழந்தைங்களுக்கு ஒரு வயசுக்குள்ள இது தானா அடங்கிடும்னு சொன்னப்பதான் அந்த அம்மா அழுகைய நிறுத்துனாங்க. டிஸ்சார்ஜ்க்கு முன்னாடி ஸ்டெத்தஸ்கோப் வச்சு ஒரு முழு நிமிஷம் எண்ணக் கத்துக்குடுத்தோம், பக்கத்துல பாட்டியும் உக்காந்து எண்ணுனாங்க.