முதல் நாளே .44 கொடுக்காதீர்கள்

ஆனி முகூர்த்தங்களுக்கு அமெரிக்காவிலிருந்து காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வந்த பிள்ளைகளில் இன்னுமொருவர் நெற்றித் தழும்போடு சுடுதளத்துக்கு வந்தார். டெக்சஸில் அம்மான் வீட்டுப் பிள்ளைகள் வார இறுதியில் துப்பாக்கி சுடக் கூட்டிப் போயிருக்கிறார்கள். துப்பாக்கியையே தொட்டறியாதவர் கையில் பெரிய, பலத்த தோட்டா போடும் .44 மேக்னம் ரிவால்வர், அதுவும் ஆறு தோட்டாவும் நிரப்பி. துள்ளியெழுந்த பேரல் (குழல்) நெற்றியைக் கிழித்தது. சுற்றி நின்றவர்கள் கைபேசியில் படம் பிடித்துச் சிரித்திருக்கிறார்கள். இப்போது அவருக்கு மிகச் சிறிய தோட்டா போடும் .22 பிஸ்டலைக் கொடுத்தாலே கண் இறுக மூடிக்கொள்கிறது.

இதற்குச் சொல்லும் நியாயம் எப்போதும் ஒன்றுதான்: "பெரியதை ஒரு தடவை சுட்டுவிட்டால் பயம் தெளிந்துவிடும்." ஊருணியில் பிடித்துத் தள்ளினால் நீச்சல் வந்துவிடும் என்கிற அதே பேச்சு. தெளியாது. பயம் அங்கேதான் விதைக்கப்படுகிறது. காதைப் பிளக்கும் சத்தமும் உள்ளங்கையில் விழும் அடியும் ஒரே நொடியில் வந்தால், விசையை (டிரிக்கரை) அழுத்துவதும் அடி வாங்குவதும் ஒன்று என்று உடம்பு பதிந்துகொள்கிறது. அடுத்த முறை விசை பாதி நகரும்போதே மணிக்கட்டு கீழே அமுக்குகிறது, தோள் இறுகுகிறது, கண் மூடுகிறது. வலக்கைக்காரர் சுட்டால் குண்டு இலக்குக்குக் கீழே இடப்புறம் போய் விழும். இது கோழைத்தனம் இல்லை. மன உறுதியால் அடக்கக்கூடியதும் இல்லை. இமை தானாக மூடுவதை யார் அடக்க முடியும்? "இன்னும் நாலு சுடு, பழகிவிடும்" என்று மேலும் மேக்னம் தோட்டாவைக் கொடுப்பவர் அந்தப் பதிவை ஆழப்படுத்துகிறார், அவ்வளவுதான். ஒரே நாளில் பிடித்த இந்தப் பழக்கத்தை விடுவிக்கப் பயிற்சியாளருக்கு மாதக்கணக்காகும்.

இன்னொரு தப்பெண்ணம், பெண்களுக்கும் புதியவர்களுக்கும் லேசான ரிவால்வர்தான் நல்லது என்பது. ஒரே தோட்டாவுக்குத் துப்பாக்கி எவ்வளவு லேசோ, உதை, அதாவது சுடும்போது துப்பாக்கி பின்னோக்கித் தள்ளுவது, அவ்வளவு அதிகம். 2014-இல் கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை பெண்களுக்கென்று வெளியிட்ட நிர்பீக் .32 ரிவால்வர் சுமார் 500 கிராம்தான். பையில் வைக்க வசதி. சுடப் பழக வசதியில்லை. .44-லும் அப்படியே. ஆறங்குல பேரலும் எஃகு உடம்பும் பின்புறம் முழுக்க ரப்பர் மூடிய பிடியும் உள்ள கனமான ரிவால்வரே புதியவருக்கு ஏற்றது.

பயத்தில் பெரும் பங்கு உதையினால் வருவதில்லை, சத்தத்தினால் வருகிறது. 140 டெசிபலுக்கு மேற்பட்ட வெடிச் சத்தம் ஒரு தடவையே காதைக் கெடுக்கலாம்; மேக்னம் ரிவால்வர் 160-ஐத் தொடும். கோயில் திருவிழா வேட்டுக்கே அசையாத ஆள் என்ற பெருமை சுடுதளத்தில் செல்லாது. காதுக்குள்ளே நுரைப்பஞ்சு (ஃபோம்) இயர் பிளக், அதன்மேல் இயர் மஃப், இரண்டும் வேண்டும். இதைச் செய்தாலே பாதிப்பேருக்கு நடுக்கம் குறைந்துவிடுகிறது. கூரை போட்ட உள்ளரங்கில், பக்கத்து மேடையில் ஒருவர் பெரிய துப்பாக்கி சுட்டுக்கொண்டிருக்கும்போது பழக்கத் தொடங்காதீர்கள்.

முதலில் .22. கண் மூடாமல், குறி விலகாமல் சுட வந்த பிறகு, நம் துப்பாக்கி சுடும் சங்கங்களில் என்றால் சென்டர் ஃபயர் (.22-ஐவிடப் பெரிய தோட்டா) போட்டிக்குச் சுடும் .32. அமெரிக்காவில் என்றால் .357 மேக்னம் ரிவால்வரில் .38 ஸ்பெஷல் தோட்டா, பிறகு .44 மேக்னம் ரிவால்வரில் .44 ஸ்பெஷல். குட்டையான ஸ்பெஷல் தோட்டா, மேக்னம் ரிவால்வரின் சிலிண்டரில் (தோட்டாக்களை நிரப்பும் சுழல் உருளையில்) உள்ள நீள அறையில் சேரும், உதை மட்டும் குறையும். நிறையச் சுட்டால் அறைக்குள் கரி வளையம் படியும். மேக்னம் போடுமுன் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள்.

மேக்னத்துக்கு வந்ததும் சிலிண்டரில் ஒரே ஒரு தோட்டா. கெஞ்சிக் கேட்கிறேன், இதை மீறாதீர்கள். முதல் வெடியில் பிடி நழுவி ரிவால்வர் பின்னால் சாயும்போது, பதறி இறுகும் விரல் விசையை மறுபடி இழுத்துவிடும். அப்போது பேரல் பார்ப்பது சுடுபவரின் தலையை. இப்படி உயிர் போயிருக்கிறது.

பிடியை மேலே ஏற்றிப் பிடிக்க வேண்டும், சுத்தியல் (தோட்டாவை வெடிக்க வைக்கும் பாகம்) பின்வாங்க இடம் விட்டு. இடக்கைப் பெருவிரல் வலக்கைப் பெருவிரல்மேல் படிய வேண்டும். பிஸ்டல் பழகியவர்கள் பெருவிரலை முன்னே நீட்டுவார்கள். சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவிலுள்ள மயிரிழை இடைவெளியில் பீறிடும் வாயு அந்த விரலை அறுக்கும். முழங்கை லேசாக மடங்கட்டும், உடல் எடை முன்காலில். உதையை எதிர்க்காமல் கையை மேலே போகவிட வேண்டும். நவரத்தின மோதிரம், வளையல் எல்லாம் கழற்றிவிட்டு வாருங்கள். சித்திரை வெயிலில் உள்ளங்கை வியர்த்தால் துண்டால் துடைத்த பிறகே அடுத்த சுடல்.

ஏற்கெனவே பயந்துபோனவருக்கு ஒரே மருந்து, கலப்புப் பயிற்சி. பயிற்சியாளர் சிலிண்டரில் ஒரு தோட்டாவும் நாலைந்து போலித் தோட்டாவும் கலந்து, சுடுபவர் பாராமல் மூடிக் கொடுக்க வேண்டும். சுத்தியல் போலியில் விழும்போது 'டிக்' என்ற சத்தத்தோடு பேரல் முனை தலை குனிவதைச் சுடுபவரே கண்ணால் பார்ப்பார். அதைப் பார்த்த பிறகு வாயால் விளக்க வேண்டியதில்லை. முனை அசையாமல் நிற்கும்வரை இதையே செய்யுங்கள். மேக்னம் ஒரு நாளைக்கு ஐந்தாறுக்கு மேல் வேண்டாம். களைத்த கை பழைய பழக்கத்துக்கே திரும்பும்.

நிஜத் தோட்டா வெடிக்காமல் போனால் முனையை இலக்கை நோக்கியே 30 விநாடி வைத்திருங்கள். 'புஸ்' என்று மெலிந்த சத்தம் வந்தால் அடுத்ததைச் சுடவே கூடாது. குண்டு பேரலுக்குள் சிக்கியிருக்கலாம்.

அங்கே படிக்கவும் வேலைக்கும் போயிருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று. கிரீன் கார்டு இல்லாமல் எஃப்-1, எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது; செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள்தான் உண்டு. உறவினர் கூப்பிட்டார் என்று கிளம்புமுன் இதைத் தெளிவாக விசாரித்துக்கொள்ளுங்கள். எங்கே சுட்டாலும், முடித்ததும் கையையும் முகத்தையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டே சாப்பாட்டைத் தொடுங்கள். விரலில் ஒட்டியிருப்பது ஈயம்.