கீழாநெல்லிக்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை

இந்த மழைக்காலத்தில் இது நான்காவது கேஸ். தாராவி 90 அடி ரோட்டுப் பக்கத்துப் பையன், டிபி மாத்திரை ஆரம்பித்து ஆறு வாரம். அதில் ஒன்றான ரிஃபாம்பிசின் போட்டால் சிறுநீர் ஆரஞ்சாகப் போகும் என்று நாங்களே சொல்லி அனுப்புவதால் அதை அவன் கண்டுகொள்ளவில்லை. கண்ணும் மஞ்சளானதும் அவன் அம்மா ஊரிலிருந்து கீழாநெல்லி வரவழைத்து, பத்து நாள் மோரில் அரைத்துக் கொடுத்திருக்கிறார், கூடவே டிபி மாத்திரையையும். கல்லீரலைக் கெடுத்துக்கொண்டிருந்ததே அந்த மாத்திரைதான்.

"எங்க தெருவுல எல்லாருக்கும் இதுலதானே சரியாச்சு டாக்டரம்மா?"

சரியானது பெரும்பாலும் ஹெபடைடிஸ் ஏ என்ற கல்லீரல் வைரஸ் வந்தவர்களுக்கு அம்மா. கெட்ட தண்ணீரில் வருகிற அது, அநேகம் பேருக்குச் சில வாரங்களில் தானாகவே போய்விடும். அந்த வாரங்களில் கீழாநெல்லி குடித்தாலும், மந்திரித்துக்கொண்டாலும், வெறும் கஞ்சி குடித்தாலும் நல்ல பெயர் அதற்குப் போய்விடும். மஞ்சள் காமாலை தனி நோயே இல்லை, ரத்தத்தில் பிலிரூபின் என்ற மஞ்சள் நிறப்பொருள் ஏறியதன் அடையாளம். வைரஸோ, சாராயமோ, மாத்திரையோ, பித்தக்குழாயை அடைத்த கல்லோ, வெளியே தெரிவது ஒரே மஞ்சள்தான். கல்லைக் கீழாநெல்லி எப்படி எடுக்கும், சொல்லுங்கள்?

எனக்கு அந்தச் செடிமேல் பகை இல்லை. 1988-ல் சென்னை ஆராய்ச்சியாளர்கள் அது ஹெபடைடிஸ் பி-க்குப் பலன் தருவதாக லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். பிறகு மற்றவர்கள் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. இன்று பி-யைக் கட்டுப்படுத்த டெனோஃபோவிர் மாத்திரை இருக்கிறது, சி-யைப் பெரும்பாலோருக்கு 12 வாரத்தில் குணமாக்கவும் மாத்திரை உண்டு. 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இரண்டும் இலவசம். ஆனால் எது என்று தெரிய முதலில் ரத்தம் கொடுக்க வேண்டுமே.

டிபி மாத்திரை சாப்பிடுகிறவருக்கு வாந்தி வந்தாலோ, பசியே இல்லாமல் போனாலோ, கண் மஞ்சளானாலோ அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அன்றைக்கே வாருங்கள். நிறுத்திவிட்டு வீட்டில் உட்காராதீர்கள், அது வேறு ஆபத்து. கல்லீரல் தேறியதும் நாங்கள் ஒவ்வொன்றாகத் திரும்ப ஆரம்பிப்போம். தினம் குடிக்கிறவர் என்றால் மாத்திரை எழுதும்போதே சொல்லிவிடுங்கள், திட்ட மாட்டேன். கர்ப்பிணிக்குக் காமாலை என்றால் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள், கடைசி மாதங்களில் ஹெபடைடிஸ் ஈ உயிரையே எடுத்துவிடும். காமாலைக்காரர் பகலில் தூங்கி இரவில் விழித்திருந்தாலோ, பேச்சு குழறினாலோ நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள். அப்புறம் அந்த ரோட்டோரக் கரும்புச் சாறு. அதில் போடுகிற ஐஸ் எந்தத் தண்ணீர் என்று யாராவது கேட்டிருக்கிறீர்களா?

பையனுக்கு நேற்றிலிருந்து ஐஎன்ஆர், அதாவது ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் அளவு, இறங்குகிறது; கல்லீரல் தேறுகிறது. இட்லிப் பொடிக்கு எண்ணெய் விடலாமா என்று அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார். தாராளமாக விடுங்கள்.