பரிசல்காரரின் காற்றுக் கணக்கு

ஒகேனக்கல்லில் பரிசல் சவாரி முடிந்தபின் நடப்பதை அதிகம் பேர் பார்ப்பதில்லை. இறங்கியதும் மீன் வறுவல் கடைப் பக்கம் போய்விடுவார்கள். நான் ஒருநாள் நின்று பார்த்தேன். பரிசல்காரர் அந்த வட்டக் கூடையைக் கவிழ்த்துத் தலைமேல் தூக்கிக்கொண்டு, வந்த வழியே பாறைமேல் ஏறி நடந்தார். மூங்கில் பிளாச்சு, அதன்மேல் பிளாஸ்டிக் சாக்கு, அதற்கும் மேல் தார். நனைந்தால் நல்ல கனம். “எறங்கறத ஆறு பாத்துக்கும் சார். ஏர்றதுதான் நம்ம பாடு” என்றார்.

ஓசூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகனும் அவன் கூட்டாளிகள் ஐந்து பேரும் ஜூன் மாதம் ராமேஸ்வரத்துக்குக் கைட் சர்ஃபிங் (காற்றில் பறக்கும் கைட் இழுக்க, பலகைமேல் நின்று கடலில் போவது) கிளம்பியபோது இதுதான் ஞாபகம் வந்தது. அவர்கள் போட்டிருந்தது டவுன்விண்ட் பயணம். ஓரிடத்தில் கடலில் இறங்கி, காற்று போகும் திசையிலேயே கரையோரமாகப் பத்து கிலோமீட்டர் போய், வேறோரிடத்தில் கரையேறுவது. “ஆறு பேரும் தண்ணியில இருந்தா வண்டிய யாருடா அந்த முனைக்குக் கொண்டு வர்றது?” என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படித்தான் தருமபுரியில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கும் நான் அந்த வேனுக்கு டிரைவர் ஆனேன்.

கைட்டைப் பெரிய பட்டம் என்று நினைத்தால் கணக்கு தப்பும். முன்விளிம்புக் குழாயில் காற்றடித்து வளைத்து நிறுத்திய இறக்கை அது. இருபதிலிருந்து இருபத்துநான்கு மீட்டர் வரை நீளும் கயிறுகள், கையில் பிடிக்க ஒரு பார், இடுப்பில் பெல்ட், காலில் பலகை. இறக்கையின் இழுவை காற்று வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். கடலில் காற்று வேகத்தை அளக்கும் ‘நாட்’ கணக்கில், 12 நாட் காற்று 24 நாட் ஆனால் இழுவை நான்கு மடங்கு. காற்று “கொஞ்சம்தான்” கூடியிருக்கிறது என்று கரையில் யாராவது சொன்னால், அந்தக் கொஞ்சத்தை இருமடியாக்கிப் பார்க்கவேண்டும். காலையில் 12 சதுர மீட்டர் கைட்டோடு இறங்கியவர் மதியம் 9 சதுர மீட்டருக்கு மாறுவது இதனால்தான். நடுவழியில் மாற்றமுடியாது என்பதால், அன்றைக்கு எதிர்பார்க்கும் உச்சக் காற்றுக்கு ஏற்ற கைட்டைத்தான் எடுக்கவேண்டும்.

காற்றோடு போவது சுலபம் என்று தோன்றும். ஆனால் தொப்பூர் கணவாயில் பைக்கில் இறங்கும்போது பின்காற்று அடித்தால் சட்டை கூடப் படபடக்காது, கவனித்திருக்கிறீர்களா? நம் வேகத்தைக் கழித்தபின் மிஞ்சும் காற்றுதான் நமக்குக் காற்று. கைட்டுக்கும் அதே கதி. நேராகக் காற்றோடு ஓடினால் கயிறு தொய்ந்து கைட் தண்ணீரில் விழும். அதனால் சாய்வாக, வளைந்து வளைந்துதான் போவார்கள். 45 டிகிரி சாய்வில் போனால் 10 கிலோமீட்டர் கரை தண்ணீரில் 14 கிலோமீட்டர் ஆகிவிடும். கால் வலிக்கும் நேரத்தை இந்த 14-ஐ வைத்துத்தான் போடவேண்டும்.

அடுத்தது திசை. தமிழில் காற்றுக்கு அது வரும் திசையை வைத்துப் பெயர் வைத்தார்கள்: வாடை, கொண்டல், கோடை, தென்றல். கைட் ஆட்களுக்கு அதோடு கரை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதும் வேண்டும். கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்றில் இறங்கவே கூடாது. கரையோரம் அலையே இல்லாமல் கண்ணாடி மாதிரி இருக்கும், அதுதான் ஏமாற்று. ஏதாவது பழுதானால் காற்று உங்களைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போகும். நேராகக் கரையில் மோதும் காற்றும் தொல்லை. கைட் கட்டுப்பாடு தவறினால் இழுத்துக்கொண்டு போய் மணலிலோ மரத்திலோ மோதும். கரையைச் சாய்வாகத் தொட்டுக்கொண்டு வரும் காற்றுதான் தேவை.

ராமேஸ்வரத்தில் இது நன்றாக விளங்கும். தென்மேற்குக் காற்று தீவின் தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் கரையை நோக்கி வரும். அதே காற்று வடக்கே பாக் விரிகுடாப் பக்கம் கடலுக்குள் ஓடும். வடகிழக்குப் பருவத்தில் இது தலைகீழ். தூத்துக்குடியிலோ மேற்குக் காற்று நிலத்தைத் தாண்டி வந்து கடலுக்குள் இறங்கும். கரை ஓரிடத்தில் வளைந்தாலே நல்ல காற்று கெட்ட காற்றாகிவிடும். அதனால் தொடங்கும் இடத்தை மட்டும் பார்த்தால் போதாது, பத்து கிலோமீட்டரையும் வரைபடத்தில் விரலால் தடவிப் பார்க்கவேண்டும். தனுஷ்கோடிப் பக்கம் அரிச்சல்முனைதான் கடைசி. அதற்கு அப்பால் ஏற நிலம் கிடையாது, கொஞ்ச தூரத்தில் இலங்கைக் கடல் எல்லை. அங்கே போய்ச் சேருவதற்கு வெகு முன்பே முடித்துவிடவேண்டும் என்று கோடு போட்டோம்.

கூட்டமாகப் போகும்போது யார் முன்னால், யார் கடைசியில்? புதியவர் தானாகப் பின்தங்குவார், வல்லவர் முன்னால் பறப்பார். இந்த வரிசை ஆபத்து. பின்னால் விழுந்தவருக்கு உதவ, முன்னால் போன வல்லவர் காற்றுக்கு எதிராகத் திரும்பி வரவேண்டும். அவர் மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் போகிறார் என்று வைப்போம். காற்றுக்கு எதிராக 15 டிகிரிதான் ஏறமுடிகிறது என்றால், அவர் உண்மையில் மேலே வருவது மணிக்கு 6 கிலோமீட்டர். 500 மீட்டர் பின்னால் விழுந்தவரிடம் வர ஐந்து நிமிடம் ஆகும். அதே ஆள் பின்னால் இருந்திருந்தால் 45 டிகிரியில் இரண்டு நிமிடத்துக்குள் வந்துவிடுவார். இதைப் பலகையில் போட்டுக் காட்டியபிறகு, இருப்பதிலேயே கைதேர்ந்தவனைக் கடைசியில் வைக்க ஒப்புக்கொண்டார்கள். முன்னால் போகிறவரை யாரும் தாண்டக்கூடாது. இரண்டிரண்டு பேராக ஜோடி, ஒருவர் கரையேறினால் ஜோடியும் ஏறவேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு ஒருமுறை வேன் வந்து நிற்கக்கூடிய இடத்தில் தலை எண்ணவேண்டும்.

கைட்டின் இழுவையைச் சட்டென்று துண்டிக்கும் அவசர விடுவிப்பை இறங்குமுன் ஒவ்வொருவரும் ஒருமுறை கழற்றி மாட்டிப் பார்த்தார்கள். மணல் புகுந்தால் அது இறுகிவிடும். விடுவித்தபின் கயிற்றைப் பாரில் சுற்றிக்கொண்டே கைட்டை அடைந்து, இரு நுனிகளையும் பிடித்தால் அதுவே பாய் ஆகிக் கரைக்குக் கொண்டுவரும். காற்று கரைப்பக்கம் சாய்ந்திருந்தால்தான் இந்த வித்தை நடக்கும்.

தண்ணீரில் இருப்பவையும் கொஞ்சம் இல்லை. கரைவலைக் கயிறு, கடல்பாசி வளர்க்கும் மூங்கில் மிதவை, நங்கூரமிட்ட வள்ளம், எல்லாமே கைட் கயிற்றைப் பிடித்துக்கொள்ளும். எங்கே வலை கிடக்கிறது என்று காலையில் கரையில் இருந்த மீனவர்களிடம் கேட்டதில் கிடைத்த தகவல் எந்தச் செயலியிலும் இல்லை.

மேகத்தைப் பார்ப்பது மட்டும் நமக்குப் பழகிய வேலை. சந்தூர்ப் பக்கம் மாந்தோப்பில் நின்றிருந்தால் தெரியும்: கருமேகம் ஏறும், இலை அசையாது, திடீரென்று குளிர்ந்த காற்று அடித்துக் காய் பொத்துப் பொத்தென்று விழும். மழை அப்புறம்தான் வரும். மேகத்துக்குள் குளிர்ந்து கனத்த காற்று கீழே கொட்டி, தரையில் பட்டு நாலாபுறமும் பரவுவதால் வருவது அது. கடலிலும் அப்படியே, திசையும் சேர்ந்து மாறும். கருமேகம் கண்ணுக்குத் தெரிந்தாலே கைட்டை இறக்கிவிடவேண்டும். ஆற்றில் மேலே இருக்கும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து கூடினால் ஒகேனக்கல்லில் பரிசலை நிறுத்திவிடுவார்கள், வெள்ளம் வந்து சேரட்டும் என்று காத்திருப்பதில்லை.

கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093, கடலோரக் காவல்படையின் 1554 இரண்டையும் நீர்ப்புகா உறையில் போட்ட போன்களில் சேமித்தோம். மதியம் மூன்று மணிக்கு முன் தொடங்கவேண்டும் என்பது நான் வைத்த நிபந்தனை. வெயில் சாயச் சாயக் கடற்காற்றும் தளரும்.

கடைசி இடத்தில் நான்கு பேர்தான் வந்தார்கள். நெஞ்சு ஒருகணம் அடைத்தது. போன் அடித்தது. “மாமா, ரெண்டாவது எடத்துல ஏறிட்டோம். கைட்டுல காத்து எறங்குது. தண்ணி கொண்டாங்க.” வேனைத் திருப்பினேன். மணல் காற்றில் இரண்டு உருவங்கள் சாலைக்கு ஏறி வந்துகொண்டிருந்தன. என் அக்கா மகன் சுருட்டிய கைட்டைத் தலையில் வைத்திருந்தான்.